ஒரு மணி நேரம்தான் என்றேன்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை. பிறந்தது பருத்தித்துறை. தெருவில் எல்லோருக்கும் அவர் 'ரீச்சர்'. யாழ்ப்பாணத்துக்காரர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஆனால் வாசிக்கும்போது டீச்சர் என்றுதான் வாசிக்கிறார்கள். எனக்கு இது பிடிபட ஆறு மாதம் ஆனது.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் கேட்டார்: "உங்கட ஊர் எவ்வளவு தூரம் பிள்ளை?"

"ஒரு மணி நேரம்தான் ரீச்சர். திருச்சிக்குப் பிளேன் இருக்கே."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அப்ப என்னையும் கூட்டிக்கொண்டு போ. கோடியக்கரை பாக்கவேணும்" என்றார். சின்ன வயதில் அவருடைய அப்பா பருத்தித்துறைக் கடற்கரையில் நின்று வடக்கே கை நீட்டி, "அங்கால வேதாரணியம்" என்று காட்டுவாராம். அந்த அங்காலயை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வயது 71.

ஜூன் 18, புதன். கொழும்பு, திருச்சி, கல்லணை

கொழும்பிலிருந்து திருச்சி நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணி நேரம். நான் சொன்னதில் பொய் இல்லை.

ஆனால் எழுந்தது அதிகாலை 3 மணிக்கு. கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேர ஒரு மணி நேரம், அங்கே வரிசை, காத்திருப்பு, மறுபடி வரிசை. விமானத்தில் ஏறி உட்கார்ந்தபோது ரீச்சர் ஒரு தூக்கம் தூங்கி எழுந்திருந்தார். கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், 2006 ஏப்ரலில் இலங்கை தன் நேரத்தை மாற்றிக்கொண்டதிலிருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே மணிதான்.

பானம் கொடுத்து, காலி டம்ளரைத் திரும்ப வாங்குவதற்குள் கடலில் ஒரு நீள மணல் நாக்கு தெரிந்தது. தனுஷ்கோடியாகத்தான் இருக்க வேண்டும். ரீச்சர் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டார். 1964 டிசம்பர் புயல் அடித்துப் போகும்வரை அங்கிருந்துதான் தலைமன்னாருக்குக் கப்பல். அவருடைய அப்பா ஒரு மார்கழியில் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று மாறி மாறி, சிதம்பரம் திருவாதிரைக்குப் போனாராம். போய்ச் சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது. அந்தப் பயணத்தைப் பற்றி சாகும்வரை கதைத்தார் என்றார். "நான் இதைப் பற்றி என்னத்தைக் கதைக்கிறது? கண்ணை மூடித் திறந்தன், முடிஞ்சுது."

அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. திருச்சி விமான நிலையத்தின் புது முனையம் கோபுரமும் வண்ணமுமாக அழகாகவே இருக்கிறது. அதை ஒன்றரை மணி நேரம் பார்க்க வாய்த்தது, ரீச்சரின் பையைக் காணோம். பழுப்பு நிறப் பை, அடையாளத்துக்குச் சிவப்பு ரிப்பன். கடைசியில் சுற்றிக்கொண்டிருந்ததும் பழுப்புப் பை, சிவப்பு ரிப்பன்தான், ஆனால் வேறு யாருடையதோ. எடுத்துப் போனவர் புதுக்கோட்டை சாலையில் பாதி தூரம் போன பிறகு, டிக்கியிலிருந்து வந்த யாழ்ப்பாண மிளகாய்த்தூள் வாசனையில் சந்தேகப்பட்டு வண்டியைத் திருப்பியிருக்கிறார். வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்து, "மன்னிச்சிருங்கம்மா, எங்க வீட்டம்மா கட்டின ரிப்பன்னு நெனச்சுட்டேன்" என்றார். ரீச்சர் பையைத் திறந்து ஒரு குட்டான் பனங்கட்டியை அவர் கையில் வைத்தார். தவறு செய்தவருக்கு வெகுமதி கொடுத்து அனுப்பியதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கல்லணை வழியாக எங்கள் ஊரான பாபநாசம் போக 2,800 ரூபாய்க்குக் கார் பேசினேன். ரீச்சர் எதையும் மூன்றரையால் பெருக்குவார். இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் கிட்டத்தட்ட அவ்வளவு. "பத்தாயிரமா!" என்றார். அடுத்த நான்கு நாளும் இந்தப் பெருக்கல் வாய்ப்பாடு என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கல்லணையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 12 அன்று மேட்டூரில் திறந்தது, மூன்று நாளில் இங்கே வந்து, 15ஆம் தேதி கல்லணையையும் திறந்தாயிற்று. இங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பாசனத்துக்குப் பிரிகிறது. வெள்ளக் காலத்து மிச்சம் கொள்ளிடத்துக்கு. கரிகாலன் யானை மேல் உட்கார்ந்திருக்கும் சிலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ரீச்சர் மதகுப் பாலத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. எல்லாம் கிணறு. "இவ்வளவும் மண்ணிறமா இருக்கே, இதைக் குடிப்பியளோ?" என்றார். புதுத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

பாலத்தடியில் வறுத்த மீன். தட்டு 100 ரூபாய். பெயர் கேட்டதற்குக் கடைக்காரர் "ஜிலேபி" என்றார். ரீச்சர் இனிப்பு வேண்டாம் என்றார். கடைக்காரர் மீனைத் தூக்கிக் காட்டினார். திலாப்பியா. எலும்பு மட்டும் மிச்சம் வைத்தோம். திருவையாற்றில் நிறுத்தி அசோகா வாங்கினோம். பாசிப்பருப்பும் நெய்யும் சுடச்சுட வாழையிலைத் துண்டில் வந்தது. அதற்கு அவர் விலை கேட்கவில்லை, பெருக்கவும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாலை 6 மணி. புறப்பட்டு 15 மணி நேரம்.

ஜூன் 19, வியாழன். பாபநாசம்

எங்கும் போகவில்லை. அம்மா காலையில் இட்லிக்குக் கடப்பா செய்தார். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், கசகசா. ரீச்சர் "இது எங்கட சொதிக்குத் தூரத்துச் சொந்தம்" என்று தீர்ப்பு சொன்னார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. காப்பி மட்டும் ஒத்துவரவில்லை. "தேத்தண்ணி கிடைக்குமோ, பால் இல்லாமல்?" என்று கேட்டார். பால் இல்லாத டீயை விருந்தாளிக்குக் கொடுப்பதா என்று அம்மா தவித்துப்போனார்.

பத்து மணி வாக்கில் தெருவில் பிள்ளைகள் கத்தினார்கள்: "தண்ணி வந்துட்டு!"

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். பிப்ரவரியிலிருந்து காய்ந்து, நெருஞ்சியும் பாலித்தீன் பையுமாகக் கிடந்தது. போய்ப் பார்த்தால், வாய்க்காலின் மேற்குக் கோடியில் நுரை, சருகு, செருப்பு ஒன்று, தேங்காய் மட்டை இரண்டு எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆற்றில் வருகிற மாதிரி இல்லை. ஒவ்வொரு வெடிப்பாக நின்று, குடித்து, நிரப்பி, அப்புறம் ஒரு சாண் நகர்ந்து. வெடிப்புக்குள்ளிருந்து பூச்சிகள் ஏறி ஓடின. அதற்காகவே நாலைந்து கொக்குகள் கரையில் காத்திருந்தன. மண் வாசனை மூக்கில் ஏறியது.

பிள்ளைகள் தண்ணீருக்கு முன்னால் வாய்க்காலுக்குள்ளேயே பின்பக்கமாக நடந்தார்கள். குதிகாலைத் தண்ணீர் தொட்டால் அவுட். ரீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையோரமாகவே கூட நடந்தார். நூறடி போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு நின்றார். தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை.

"எனக்கு முழங்கால் வருத்தம். இருந்தும் நான் இதை முந்திப்போட்டன்."

மேட்டூரை விட்டு ஏழு நாள். லஸ்கர் சைக்கிளில் வந்தார். எங்கள் பக்கம் மதகைத் திறந்து மூடுகிறவரை இப்போதும் லஸ்கர் என்றுதான் சொல்கிறோம். கடைமடைக்கு எப்போது போகும் என்று கேட்டேன். "இங்கயே இப்பத்தான் வருது, அதுக்குள்ள கடைமடையக் கேக்குறீங்களே. அது போவும், போற நேரத்துக்கு" என்றார். அப்பா மட்டும் பேசாமல் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மா நிலத்துக் குறுவை நெல்லுக்கு நாற்றங்கால் போடுவதா வேண்டாமா என்று ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர், மத்தியானம் விதை நெல்லை ஊறவைத்தார்.

ஜூன் 20, வெள்ளி. வேதாரண்யம் வரைக்கும்

காரில் போகலாம் என்றேன். ரீச்சர் பஸ்தான் வேண்டும் என்றார். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி பஸ். ஜன்னலோரம் இடம், வலங்கைமான் வரை நல்ல காற்று. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட். டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: கேட் மூடும், ஒரு ரயில் போகும், கேட் திறக்காது, எஞ்சின் மட்டும் தனியாக வரும், போகும், மறுபடி வரும். எங்கள் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். அனுபவஸ்தர்.

வெள்ளரிப்பிஞ்சு விற்கும் ஓர் அக்கா ஜன்னல் ஜன்னலாக வந்தார். கூறு 10 ரூபாய், உப்பும் மிளகாய்த்தூளும் தடவி. ரீச்சர் மூன்று கூறு வாங்கி, பஸ்ஸில் பாதிப் பேருக்கு விநியோகித்தார். அந்த அக்கா, "நீங்க பேசுறது சிலோன் ரேடியோ மாதிரியே இருக்கும்மா" என்றார். அவ்வளவுதான், பின் சீட்டில் இருந்த பெரியவர் எழுந்து வந்துவிட்டார். இந்தக் கரையோரம் ஒரு தலைமுறை முழுக்க இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தது. எண்பதுகளில் தென்னை உயரத்துக்கு ஆன்டெனா கட்டி ரூபவாஹினி பார்த்தது.

பெரியவர் திருத்துறைப்பூண்டிக்காரர். எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்துவிட்டு, "அட, ராஜாஜி நடந்த வழில வந்துருக்கீங்க" என்றார். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று ஊர் ஊராகத் தங்கி, 28ஆம் தேதி வேதாரண்யம். சுமார் நூறு பேர், 150 மைல். வழியில் சோறு போடுகிறவர்களுக்குச் சிறைத்தண்டனை என்று வெள்ளைக்காரக் கலெக்டர் மிரட்டியும் சோற்றுக்குக் குறைவில்லையாம். மரக்கிளையில் பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று பெரியவர் சொன்னார்.

"பதினைஞ்சு நாளோ!" என்றார் ரீச்சர்.

"அவங்களுக்கு இந்த கேட் கிடையாது பாருங்க" என்றார் பெரியவர்.

கேட் திறக்க 35 நிமிடம். மன்னார்குடியில் மாறி, திருத்துறைப்பூண்டியில் மாறி, தகட்டூர் தாண்டியதும் பஸ் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றும்வரை புளியமர நிழலில் நின்றோம். சாலையோர ஆறு காய்ந்து கிடந்தது, தரையில் ஆடு மேய்ந்தது. நேற்று நாங்கள் பார்த்த தண்ணீர் இங்கே வர இன்னும் நாள் இருக்கிறது. அதை ரீச்சர்தான் முதலில் சொன்னார்: "நாங்கள் அதை முந்தி வந்திட்டம்."

வேதாரண்யத்தில் என் சித்தி வீட்டை அடைந்தபோது மணி 3. சித்தி எங்களுக்காகக் கொடுவாக் குழம்பு வைத்திருந்தார். ரீச்சர் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடமாட்டார். எனக்குத் தெரியும், சொல்ல மறந்துவிட்டேன். சித்தி முகம் வாடிப்போனது. இரண்டே நிமிடம்தான், மாங்காய் போட்டுப் பருப்பு, அப்பளம், ரசம் என்று இலை நிறைந்துவிட்டது. மீன் முழுக்க என் பங்கு. மறதியால் வந்த லாபம்.

மாலை திருமறைக்காடர் கோயில். அப்பர் பாடித் திறந்த கதவு, சம்பந்தர் பாடி மூடிய கதவு. திறக்க அப்பருக்குப் பதிகம் முழுக்கத் தேவைப்பட்டது, மூட சம்பந்தருக்கு ஒரே பாட்டு. ரீச்சர் கதவருகில் 'பண்ணின் நேர்மொழியாள்' எடுத்தார். குரல் உடைந்துதான் வந்தது. ஆனாலும் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எழுந்து வந்து ஒருத்தி ஒரு முழம் முல்லையைக் கொடுத்தாள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

ஜூன் 21, சனி. கோடியக்கரை

டவுன் பஸ்ஸில் போனோம். கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் போனார். ரீச்சர் அவரைக் கூப்பிட்டு, "தம்பி, காசை மறந்திட்டீர்" என்றார். பெண்களுக்கு இந்த பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று சொல்லி நம்பவைக்க அகஸ்தியம்பள்ளி வரை ஆனது. பூஜ்யத்தை மூன்றரையால் பெருக்க முடியவில்லை.

அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண். இரண்டு பக்கமும் உப்பளம். வெயில் கண்ணைக் கூசியது. குவியல் குவியலாக உப்பு, மழைக்குப் பயந்து கீற்று போர்த்தியவை சில. வேலை செய்கிற பெண்கள் காலில் உறை மாட்டி, முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் காடு. கூட்டமாக வெளிமான், மூன்று மட்டக் குதிரை. கஜா புயலில் சாய்ந்த மரங்களின் அடிக்கட்டை இன்னும் கிடக்கிறது. 2018 நவம்பர் 16. அந்த இரவைப் பற்றிச் சித்தி வீட்டில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

கடற்கரை. தென்மேற்குக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. ரீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரம் வரை போனார். எதிரே ஒன்றும் இல்லை. பழுப்புத் தண்ணீர், அப்பால் பச்சைத் தண்ணீர், அப்பால் வானம். பருத்தித்துறை இங்கிருந்து 65 கிலோமீட்டர் போல இருக்கும். திருச்சியைவிட இது பக்கம். அதைப் பார்க்க நாங்கள் 420 கிலோமீட்டர் பறந்து, இரண்டு நாள் உருண்டு வந்திருக்கிறோம்.

வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்: "எந்த ஊரும்மா?"

"பருத்தித்துறை."

கை நின்றது. பேச்சும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரி கடலுக்குள்ள போனா உங்க ஊர் வெளிச்சம் தெரியும்" என்றார்.

"வெளிச்சம் மட்டுமோ? உங்கட றோலர் வந்து எங்கட பெடியளின்ர வலையை அறுத்துக்கொண்டு போகுது."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் கோபப்படவில்லை. "நம்மளுது ஃபைபர் படகும்மா. இழுவை மடி இந்தப் பக்கத்து வலையையும்தான் அறுக்குது. ரெண்டு பக்கமும் வயிறு காயுறவன் ஒருத்தன்தான்" என்றார். இரண்டு நாடும் செய்த 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோடு இந்தத் தண்ணீரில் எங்கேயோ இருக்கிறது. றோலர்கள் இழுக்கும் இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டே தடை செய்தது. இதெல்லாம் எனக்குச் செய்தித்தாளில் படித்த விஷயம். அவர்கள் இருவருக்கும் அப்படி இல்லை. அவர் பையனை அனுப்பி மூன்று டீ வாங்கி வரச்சொன்னார். பாலும் சர்க்கரையும் கொழகொழவென்று இருந்த அந்த டீயை ரீச்சர் ஒரு சொல் சொல்லாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

கிளம்பும்போது தெற்கே கை நீட்டி, "அங்கால எங்கட வீடு" என்றார். என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு. நாகப்பட்டினம், நீடாமங்கலம்

ரீச்சர் திரும்பிப் பறக்கவில்லை. ஊருக்கு வெறும் 65 கிலோமீட்டரில் வந்து நின்றுகொண்டு, கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் பருத்தித்துறைக்குப் போவதா? "எனக்கு விசரில்லை" என்றார். நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கி, நடுவில் நின்று, மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. இந்த மாதம் காற்று மாதம், கப்பல் கிளம்புமா என்று ராத்திரி முழுக்கக் கவலை. அவருக்கு இல்லை, எனக்கு.

அதிகாலை 4 மணிக்குக் கார். துறைமுக வாசலில் பையோடு வரிசை. பையில் இப்போது மிளகாய்த்தூளுக்குப் பதில் சித்தியின் வடகம், உப்பள உப்பு ஒரு பொட்டலம், வாடிய முல்லைச் சரம். "கப்பல் ஆடும், பிடித்துக்கொண்டு உட்காருங்கள்" என்றேன். "நான் கடற்கரையில பிறந்தவள், நீ வாய்க்கால்க்கரையில பிறந்தவள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் நிதானமாகப் பொங்கல் சாப்பிட்டு, 10 மணிக்குமேல் தஞ்சாவூர் பஸ் பிடித்தேன். சாயங்காலம் திருச்சியில் விமானம், நிறைய நேரம் இருக்கிறது என்ற தைரியம். திருவாரூரில் தேரின் உச்சி தெரிந்தது. அப்புறம் நீடாமங்கலம்.

கேட் மூடியிருந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்தார்.

12:20க்குப் போன் வந்தது. "இறங்கியாச்சு பிள்ளை. சரியான ஆட்டம், நாலைஞ்சு பேர் சத்தி எடுத்தவை. எனக்கொண்டும் இல்லை. தம்பி கார் கொண்டு வந்து நிக்கிறான். நீ எங்க நிக்கிறாய்?"

"நீடாமங்கலம் கேட்டில், ரீச்சர்."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தம்பியிடம் சொல்லி அவரையும் சிரிக்கவைத்தார்.

போனை வைத்தால், ஜன்னலில் வெள்ளரிப்பிஞ்சு அக்கா. என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"அந்த சிலோன் அம்மா எங்க?"

"ஊருக்குப் போய்ச் சேந்துட்டாங்க அக்கா. இப்பத்தான் போன் பண்ணினாங்க."

"அதுக்குள்ளயா? அவங்க ஊரு எவ்ளோ தூரம்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முன்னால் வரிசையாக எஞ்சின்கள் உறுமத் தொடங்கின, கேட் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கூறைக் கையில் திணித்துவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். 10 ரூபாய் என் கையிலேயே இருக்க, பஸ் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது.